தாபேயா பெயரில் ஒரு முழுக்கு

மரகேய் தீவு, கிரிபட்டி
4 ஜூலை 1994, திங்கள்

அன்புள்ள லூபே அக்காவுக்கு,

துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் எங்களுக்குத் திங்கட்கிழமை ஒன்றுதான். ஆகவே இந்தக் காகிதத்தில் சோப்பு வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் கிணற்றுத் தண்ணீரும் பாதி உப்பு. சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. நீங்கள் டோங்காவில் தைத்துக் கொடுத்த நான்கு வெள்ளைச் சட்டைகளும் இப்போது மங்கிப் போய்விட்டன.

சபை ஊழியத்துக்கு வந்தவன் என்பதால் இருபது வயதில் என்னை ஊரே ‘மூப்பர்’ என்று கூப்பிடுகிறது. காலை ஆறரைக்கு எழுந்து, ஜெபம் செய்து, வேதம் படித்து, கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு சைக்கிளை எடுத்தால், மாலை வரை வீடு வீடாகப் போகவேண்டும். கூட இருப்பவர் மூப்பர் டால்போட். ஐடஹோவில் உருளைக்கிழங்குப் பண்ணைக்காரர் மகன். ஒருவர் கண்ணுக்கு மறைவாக இன்னொருவர் போகக்கூடாது என்பது ஊழியத்தின் சட்டம். அவர் கழிப்பறைக்குப் போனால் நான் வெளியில் நின்று பாட்டுப் பாடுகிறேன், நான் இருக்கிறேன் என்று தெரியட்டும் என்று.

அக்கா, வந்து எட்டு மாதமாகிறது. ஒருவருக்குக்கூட நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. துறைமுகத்தில் அத்தனை பேர் மாலை போட்டு அனுப்பினார்களே, அப்பாவுக்கு என்னவென்று எழுதுவேன்? வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஒரு அம்மாள் வருகிறார்கள். பெயர் கைனா. அவர்களுடைய புருஷர் உரியமும் பத்தொன்பது வயது மகள் தாபேயாவும் சென்ற ஆண்டு மே 18 அன்று படகில் பக்கத்துத் தீவுக்குப் போனவர்கள், திரும்பவில்லை. விமானம்கூடத் தேடிவிட்டுப் போய்விட்டது. இறந்தவர்களுக்காக உயிரோடிருக்கும் ஒருவர் ஆலயத்தில் முழுகி எழலாம், ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம் என்று நான் சொன்னதை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார்கள்.

“என்னய மட்டும் தண்ணியில முக்கிப் பரலோகம் அனுப்புவீங்க, எம்பொண்ணு வாசல்ல நிப்பாளா? மொதல்ல அவ பேர்ல செய்யுங்க. அப்புறம் நான் எறங்குறேன்” என்கிறார்கள்.

“உங்க வீட்டுக்காரர் பேரும் குடுங்கம்மா” என்றேன்.

“அந்த மனுசனா? கத்தோலிக்கக் கோயில்ல முப்பது வருசம் மணியடிச்சவரு. செத்தாலும் உங்க பக்கம் திரும்ப மாட்டாரு. அவர விடுங்க மூப்பரே.”

இறந்தவர்களுக்கான முழுக்கு நடக்கும் பெரிய ஆலயம் இங்கே இல்லை. நம் ஊரில் இருக்கிறது. தாபேயாவின் விவரங்களை என் கையால் நிரப்பிக் கையொப்பமிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சீக்கிரம் செய்துவிடுங்கள் அக்கா.

தம்பி,
லிசியாதே

*

டோங்காதாபு
29 ஜூலை 1994

தம்பி லிசியாதே,

உன் காகிதத்தில் சோப்பு வாசம் இல்லை, மீன் வாசம்தான். அப்பா உன் கடிதத்தைச் சபை முழுவதும் காட்டிவிட்டார். கழிப்பறைப் பாட்டு வரும் இடத்தை மட்டும் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் ஆலயத்துக்குப் போனேன். இறந்துபோன பெண்கள் பதினோரு பேர், பெயருக்கு ஒரு முழுக்கு. என்னை உனக்குத் தெரியும். சாட்சி சொல்லும்போது அழுகிறவன் நீ. நான் கணக்கு டீச்சர். வெதுவெதுப்பான தண்ணீரும் பசியும் தவிர ஒன்றும் எனக்குத் தோன்றுவதில்லை. பத்துப் பெயர்கள் அப்படித்தான் போயின. பதினோராவது உன் தாபேயா.

ஞானஸ்நானம் கொடுக்கும் சகோதரர் என் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். தண்ணீர் தலைக்கு மேல் மூடியதும் என் இடது கையை யாரோ பிடித்தார்கள். சின்னக் கை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். நான் எழுந்தபோது அந்தக் கையும் கூடவே வந்தது. கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. வாய் நிறைய உப்பு.

“இதென்ன, கடல் தண்ணியா ஊத்தியிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“குழாய்த் தண்ணிதான் சகோதரி” என்றார் அவர், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு.

மூன்று நாளாகத் தாகம் அடங்கவில்லை. இடது கையும் வெறுங்கையாகத் தெரியவில்லை. அந்த அம்மாளிடம் சொல்லிப் பயமுறுத்தாதே. காரியம் முடிந்தது என்று மட்டும் சொல்.

லூபே

*

மரகேய்
15 ஆகஸ்ட் 1994, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது! சனிக்கிழமை காலை காயல் தண்ணீரில் கைனா அம்மாளுக்கு என் கையால் ஞானஸ்நானம் கொடுத்தேன். டால்போட் அழுதார். நானும் அழுதேன். பிறகு சுட்ட ஈரப்பலாக்காயும் மீனும். அப்பாவிடம் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

“உங்க அக்காவுக்கு என்ன தோணுச்சு?” என்று அம்மாள் கேட்டார்கள். சமாதானம் தோன்றியது என்றேன். முன்பெல்லாம் அம்மாள் மத்தியானம் கண்ணயர்ந்தால் மகள் நனைந்தபடி வாசலில் நின்று தண்ணீர் கேட்பாளாம். அதனால் வாசலில் ஒரு குவளையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். ஜூலை 26-க்குப் பிறகு அவள் வரவில்லை. “நிம்மதியாப் போயிட்டா” என்று சொல்லிக் குவளையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். அக்கா, அன்றைக்குத்தானே நீங்கள் முழுகினீர்கள்?

தாகத்துக்கு வைத்தியரைப் பாருங்கள். சர்க்கரை வியாதி நம் குடும்பத்தில் உண்டு. வாய் உப்புக்கரித்தது மத்தியானம் சாப்பிட்ட டப்பா மாட்டிறைச்சியாகத்தான் இருக்கும்.

லிசியாதே

*

டோங்காதாபு
2 செப்டம்பர் 1994

லிசியாதே,

சர்க்கரை இல்லை. ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டார்கள். ஒரு நாளைக்குப் பதினான்கு கூஜா குடிக்கிறேன். என் நாக்கு மட்டும் காய்ந்தே கிடக்கிறது. “டீச்சர் தொட்டிய காலி பண்ணுறாங்க” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. வகுப்பறையை விட்டு வெளியே போகாத எனக்கு இடது கன்னம் வெயிலில் வெந்து தோலுரிகிறது.

பகலில், விழித்திருக்கும்போதே, சில நொடிகள் வேறு இடத்தில் இருக்கிறேன். நீலத் தார்ப்பாய். அதன் கீழே ஒரு ஆள், முகத்தில் ஈரத் துணி போட்டுப் படுத்திருக்கிறார். படகின் அடியில் ஏதோ பெரிதாக உரசிக்கொண்டு போகிறது. என் எதிரே ஒரு நிலைக்கண்ணாடி, அலமாரிக் கதவில் பதித்தது. நடுக்கடலில் எதற்கு அலமாரிக் கதவு? அதில் பார்த்தால் நான் தெரியவில்லை. மெலிந்த ஒரு பெண் தெரிகிறாள். அவளுக்கும் இடது கன்னம்தான் வெந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் உளறல் என்று ஒதுக்கிவிடுவேன். ஆனால் நேற்று நாலாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்தால், கரும்பலகை முழுவதும் ஐந்தைந்தாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எண்ணினேன். நூற்றேழு. 1993 மே 18-லிருந்து எண்ணினால் அது எங்கேயும் வரவில்லை. இந்த வருடம் மே 18-லிருந்து எண்ணினால் நேற்று நூற்றேழாவது நாள்.

ஒருவர் இறந்து ஓராண்டு ஆகாமல் ஆலயத்தில் பெயர் கொடுக்கக்கூடாது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி, நீ அந்தத் தாளில் எந்த வருடத்தை எழுதியிருக்க வேண்டும்?

நம் வீட்டில் உடன்பிறந்தவள் கேட்டால் ஆண்பிள்ளை பதில் சொல்லியே ஆகவேண்டும். கேட்கிறேன். சொல்.

லூபே

*

மரகேய்
19 செப்டம்பர் 1994, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை டால்போட் பார்க்காமல் படிக்க முடியவில்லை. பார்வைக்கு மறைவாக நான் போகக்கூடாதே. முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்தேன். ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்ததை அவர் பார்த்துவிட்டார். வீட்டில் சாவா என்று கேட்டார்.

1994 தான். நான் கேள்விப்பட்டபோது அவர்கள் போய் ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அம்மாள் பிடிவாதமாக இருந்தார்கள், எனக்கு ஒரே ஒரு ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. எப்படியும் செத்துவிட்டார்கள், கடவுளுக்கு ஒரு வருடம் முன்னே பின்னே என்றால் என்ன என்று நினைத்தேன். நான்கு என்பதை மூன்றாக எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன். இப்போது எழுதும்போது அவ்வளவாகத் தோன்றவில்லை.

அந்தக் கண்ணாடியைப் பற்றி நேற்றுவரை எனக்கே தெரியாது, அக்கா. சொந்தக்காரப் பெண் கல்யாணத்துக்கு ஒரு அலமாரி செய்தார்களாம். அலமாரி முன்னாலேயே கப்பலில் போய்விட்டது. கண்ணாடி உடையும் என்று கதவை மட்டும் கழற்றிப் படகில் எடுத்துப் போனார்கள். நேற்றுத்தான் கைனா அம்மாளிடம் ஜாடையாகக் கேட்டேன். “ஒமக்கு யாரு சொன்னா? நான் யாருக்கும் சொல்லலயே” என்றார்கள்.

ஆனால் இதைச் சொன்னால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா துறைமுகத்தில் தலை குனிந்து நிற்பார். அம்மாளிடம் என்னவென்று சொல்வேன்? மகள் உயிரோடிருக்கலாம் என்று சொல்லி, அப்புறம் அவள் வராவிட்டால்? கிறிஸ்துமஸ் வரை பொறுங்கள். அன்றைக்கு வீட்டுக்குப் பேச அனுமதி உண்டு. பேசி முடிவெடுப்போம்.

லிசியாதே

*

டோங்காதாபு
3 அக்டோபர் 1994

லிசியாதே,

கிறிஸ்துமஸுக்கு நான் இருக்க மாட்டேன். என் பாவாடையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். யானை மாதிரி இருந்த லூபே டீச்சர் எங்கே என்று தெருவில் கேட்கிறார்கள். அம்மா என் எதிரில் சிரிக்கிறாள், சமையலறையில் அழுகிறாள்.

அவள் உயிரோடிருக்கிறாள். இதை நான் நம்புகிறேன் என்று எழுதவில்லை, எனக்குத் தெரியும் என்று எழுதுகிறேன். அந்த ஆளும் இருக்கிறார். ஆணியை வளைத்து மீன் பிடிக்கிறார். தார்ப்பாய் மடிப்பில் மழைத் தண்ணீர் சேர்த்து மூடியால் அளந்து கொடுக்கிறார்.

ஆலயத்தில் நானே போய்ச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். உன் கையெழுத்தில் போன பெயர். உன் வாயால்தான் திரும்ப வரவேண்டும். மிஷன் தலைவரிடம் சொல். அந்தத் தாயிடம் சொல். தேடச் சொல்.

கெஞ்சவில்லை. அக்காள் சொல்கிறேன்.

லூபே

*

மரகேய்
24 அக்டோபர் 1994, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அந்த நான்கு நாளுக்கும் என்னை மன்னியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் கைனா அம்மாளிடம் போனேன். பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை என்னை மூப்பரே என்று கூப்பிட்டவர்கள் எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார்கள்.

“உசுரோட இருக்கிறவ பேர, செத்தவங்க ஏட்டுல எழுதினியாடா? நான் அழுது முடிச்சிட்டேனேடா! இனி எதவச்சுடா காத்திருப்பேன்?”

பிறகு உள்ளே போய் அந்தக் குவளையை எடுத்து, தண்ணீர் நிரப்பி, வாசலில் வைத்தார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஷன் தலைவர் தலைநகர் தாராவாவில் இருக்கிறார். இங்கிருந்து பேச ஒரே வழி அரசு அலுவலக வானொலிக் கருவி. அதில் பேசினால் எல்லாத் தீவிலும் கேட்கும். பொழுது போகாதவர்கள் அதைக் கேட்டுக்கொண்டேதான் மீன் காயப்போடுவார்கள். டால்போட் வானொலியின் பக்கத்திலேயே நின்றார். நான் என் பெயரைச் சொல்லி, தலைவரே, நான் ஒரு பொய் எழுதினேன் என்று ஆரம்பித்தேன். கடைசிவரை சொன்னேன். தலைவர் பேசுவதற்குள் எந்தத் தீவிலிருந்தோ ஒரு கிழவர் குரல் குறுக்கே விழுந்தது.

“ஏம்ப்பா மூப்பரு, பொய்யெல்லாம் கெடக்கட்டும். படகு என்ன நெறம்?”

“பச்சைங்க. நீலத் தார்ப்பாய். பெரிய கண்ணாடி ஒண்ணு இருக்கும்.”

“சரி, பசங்ககிட்ட சொல்றேன். கண்ணாடின்னா வெயில்ல பளிச்சுனு தெரியும்.”

தலைவர் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. நான் பாடம் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பொய் எழுதினேன் என்று சொல்லச் சொன்னார். சனிக்கிழமை ஃபேக்ஸில் ஒரு தாள் ஆலயத்துக்கு அனுப்பி, ஏட்டிலிருந்து தாபேயாவின் பெயரை அடிக்கச் செய்துவிட்டார். பெயர் போய்விட்டது, அக்கா. உங்கள் கை இப்போது எப்படி இருக்கிறது?

லிசியாதே

*

மரகேய்
21 நவம்பர் 1994, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அட்டை வந்தது. ‘தாகம் போயிற்று. சாப்பிடுகிறேன்’ என்று இரண்டே வரி. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆனால் இன்றைக்கு நான் எழுதப்போவது வேறு.

நவம்பர் 4-ஆம் தேதி தாபேயா கிடைத்துவிட்டாள். ஒரு மீன்பிடிக் கப்பல்காரர்கள் கண்ணாடி மின்னுவதைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். நூற்றெழுபத்தோரு நாள். தாராவாவில் மருத்துவம் முடிந்து வெள்ளிக்கிழமை விமானத்தில் வந்து இறங்கினாள். கைனா அம்மாள் ஓடவில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுதளத்தில் நின்றார்கள். அவள் வந்து வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகுதான் அம்மாள் கத்தி அழுதார்கள்.

உரியம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவளே என்னைக் கூப்பிட்டனுப்பினாள். டால்போட்டும் இருந்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எழுபதாவது நாளுல ஒரு அம்மா வந்தாங்க மூப்பரே. பெரிய ஒடம்பு. வெள்ள உடுப்பு, ஈரம் சொட்டச் சொட்ட. படகு முனையில உக்காந்து என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. ஒரு வார்த்த பேசல. அன்னையிலேருந்து எனக்குத் தாகமே இல்ல. என் பங்குத் தண்ணியவும் அப்பாவுக்கே குடுத்துட்டேன். அப்பாவும் அவங்களப் பாத்தாரு. ‘மாதாவா இருக்குமோ’ன்னாரு. ‘மாதா இம்மாம் குண்டா இருக்க மாட்டா’ன்னு அவரே சிரிச்சாரு.”

நான் உங்கள் புகைப்படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

“இவங்கதான். கடசியில இம்மாம் இல்ல, வரவர எளச்சுக்கிட்டே போனாங்க. ஒரு நா மத்தியானம் எந்திரிச்சாங்க. போயிட்டாங்க. அந்த நிமிசமே எனக்கு நாக்கு வறண்டுபோச்சு. இருந்த தண்ணி ஒருத்தருக்குத்தான் காணும். அப்பா ஒரு மடக்குகூடக் குடிக்கல. ‘நீ குடி, எனக்குப் பழகிருச்சு’ன்னாரு. மூணு நாளு தாங்குனாரு. அப்புறம் ஒரு வாரத்துல மழ வந்துச்சு.” புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உங்க அக்கா ஏன் எந்திரிச்சுப் போனாங்க?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கண்ணாடிச் சட்டத்தில் நாளுக்கு ஒரு கீறல் போட்டிருக்கிறாள். நீங்கள் போன நாளில் ஆழமாக ஒன்று. காய்ச்சலில் ஓரிரு நாள் விட்டுப்போயிருக்கலாம் என்கிறாள். அக்டோபர் 20-லிருந்து 22-க்குள் வருகிறது. 22-தான். எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் பெயரை அடித்தார்கள்.

அக்கா, நான் பொய் சொன்னபோது அவர்கள் இருவரும் பிழைத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னேன், ஒருவர் செத்துவிட்டார். ஜெபிக்க மண்டியிட்டால் எனக்கு வார்த்தையே வருவதில்லை. அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்?

லிசியாதே

*

டோங்காதாபு
5 டிசம்பர் 1994

என் தம்பி லிசியாதே,

22 இல்லை. இனி இதை உன் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அக்டோபர் 20, வியாழக்கிழமை. நாலாம் வகுப்பு. அவளுக்கு அது நூற்றைம்பத்தாறாவது நாள். நீ இன்னும் வானொலியில் பேசவே இல்லை. என் கடிதம் உன் பையில் கிடந்தது. மத்தியான மணி அடித்ததும் பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். நிற்க முடியவில்லை. எனக்குச் சாக விருப்பமில்லை, தம்பி. இருபத்தேழு வயதுதான் ஆகிறது. “போதும்டீ, என்னால முடியல, விடு” என்று வாய்விட்டுச் சொன்னேன். என் இடது கையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐந்தையும் நானே பிரித்தேன். அவள் இறுக்கிப் பிடிக்கவே இல்லை. குழாயைத் திறந்து குடித்தேன். முதல் மடக்கிலேயே தாகம் நின்றது.

அதனால்தான் அந்த அட்டையில் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. எழுதக் கூசியது.

அந்தப் பெண்ணிடம் போய் இதை அப்படியே சொல். என் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது, அதனால் எழுந்துபோனாள் என்று சொல். உன் பொய்க்கு நீ வீடு வீடாகப் போனாய். இது என்னுடையது, ஆனால் எனக்குக் கடல் தாண்ட வழியில்லை. நீ போ.

இன்னொன்று. உரியம் இறந்தது அக்டோபர் 23. அடுத்த நவம்பரில் உன் ஊழியம் முடிந்து நீ ஊருக்கு வருவாய். அதற்குள் அவருக்கு ஓராண்டு ஆகியிருக்கும். கைனா அம்மாளும் தாபேயாவும் மனமொப்பிப் பெயர் கொடுத்தால் மட்டும் வாங்கி வா. கொடுக்காவிட்டால் கேட்காதே. தேதியை உள்ளபடி எழுது. ஆண் பெயருக்கு ஆண்தான் இறங்கவேண்டும். நீதான் இறங்குவாய். நான் கரையில் நிற்பேன்.

முப்பது வருடம் மணியடித்தவர். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார், திருப்பட்டும். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் தாகத்தோடு போனவர். தண்ணீர் உன் தலைக்கு மேல் மூடும்போது ஒரு கை வந்து உன் இடது கையைப் பிடித்தால், உனக்கு எவ்வளவு நாக்கு வறண்டாலும், அவராக விடும்வரை நீ விடாதே.

லூபே